வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வெளியிலிருந்து வழி: 3389-ஐத் திறக்கலாமா?

8 ஜனவரி 2025, கேள்வி

கோலாலம்பூரில் இருக்கிறேன். கடை லெபோ அம்பாங்கில், வீடு கெப்போங்கில். கணக்கு மென்பொருள் வீட்டில் இருக்கும் விண்டோஸ் 10 கம்ப்யூட்டரில்தான் ஓடுகிறது. கடையில் உட்கார்ந்தபடியே அதைத் திறந்து பில் போட வேண்டும். ரூட்டரில் 3389 போர்ட்டை (தொலைவிலிருந்து திரையைத் திறக்கும் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் சேவைக்கான வாசல் எண்) திறந்து வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிட்டால் போதும், ஐந்து நிமிட வேலை, பாஸ்வேர்டுதான் இருக்கிறதே என்கிறார் ஒரு நண்பர். செய்யலாம்தானே? இதற்குப் போய் ஏன் எல்லாரும் பயமுறுத்துகிறார்கள்?

8 ஜனவரி, இரவு

ஐந்து நிமிட வேலை என்பது மட்டும் சரி.

என் வீட்டு ஐபி, அதாவது இணைய முகவரி, யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். யாருக்கும் தெரிய வேண்டியதே இல்லை. ஐபிவி4 என்ற பழைய வகை முகவரிகள் மொத்தமே 430 கோடிக்குள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2013-ல் எழுதி வெளியிட்ட ஸீமேப் என்ற கருவி, ஒரு போர்ட்டை எடுத்துக்கொண்டு அத்தனை முகவரிகளையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். அதற்கு ஒரு ஜிகாபிட் இணைப்பு போதும். இப்போது அதை யார் வேண்டுமானாலும் இறக்கி ஓட்டலாம். ஆக, உங்களைத் தேடி யாரும் வருவதில்லை. எல்லாரையும் தட்டுகிறார்கள், அந்த வரிசையில் நீங்களும் வருகிறீர்கள்.

பாஸ்வேர்டு விஷயம். 2019 மே மாதம் புளூகீப் என்று ஓர் ஓட்டை வெளியே வந்தது. நீங்கள் திறக்க நினைக்கும் அதே ரிமோட் டெஸ்க்டாப் சேவையில்தான், விண்டோஸ் 7-லும் அதற்கு முந்தைய சிலவற்றிலும். பாஸ்வேர்டு கேட்கும் கட்டம் வருவதற்கு முன்பே உள்ளே போய்விடலாம். 2014-லேயே கைகழுவிய எக்ஸ்பிக்கும் சேர்த்து மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுடைய விண்டோஸ் 10-ல் அந்த ஓட்டை இல்லை. ஆனால் 2025 அக்டோபர் 14-உடன் அதற்கும் வழக்கமான திருத்தங்கள் முடிவு. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டை எதுவோ, அது உங்கள் கணக்குப் புத்தகத்தோடு சேர்ந்து இணையத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அதனால் திறக்காதீர்கள். வேறு வழி இருக்கிறது, நாளைக்கு எழுதுகிறேன். அதற்குள் ரூட்டர் பக்கத்தில் வேன் (WAN) முகவரி, அதாவது ரூட்டரின் வெளிப்பக்க முகவரி, என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள். முழுசாக வேண்டாம், முதல் இரண்டு எண் போதும்.

9 ஜனவரி, மதியம்

100.72 என்று தொடங்குகிறதாம். நண்பரின் ஐந்து நிமிடமும் போச்சு!

100.64-லிருந்து 100.127 வரை உள்ள முகவரிகள் 2012-ல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. உங்கள் ரூட்டருக்கு வெளியே, ஃபைபர் நிறுவனத்திடம் இன்னொரு பெரிய ரூட்டர் இருக்கிறது. பல வீடுகள் ஒரே பொது முகவரியில் அதன் பின்னால் இருக்கின்றன. சிஜிநாட் என்பார்கள். ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான ஐபிவி4 கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுப்புக்கு வந்துவிட்டது. அதற்கப்புறம் ஆளுக்கொரு முகவரி கொடுக்க எங்கே போவார்கள்?

விளைவு, உங்கள் ரூட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து வருவது அந்தப் பெரிய ரூட்டரிலேயே நின்றுவிடும். அது உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. 4ஜி, 5ஜி சிம் போட்ட வீட்டு ரூட்டர்களிலும் பெரும்பாலும் இதே கதைதான். சிலர் மாதம் கூடுதலாகக் கட்டிப் பொது முகவரி வாங்குகிறார்கள். உங்களுக்கு அது தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

எல்லாருக்கும் ஒரு சின்னச் சோதனை: ரூட்டர் காட்டும் வேன் முகவரியும், என் ஐபி என்ன என்று காட்டும் தளம் சொல்லும் முகவரியும் ஒன்றாக இருந்தால் உங்களிடம் பொது முகவரி இருக்கிறது. வேறு வேறாக இருந்தால் நடுவில் யாரோ இருக்கிறார்கள். மோடத்துக்குப் பின்னால் சொந்த ரூட்டர் ஒன்றை மாட்டியிருந்தாலும் வேறாகத்தான் காட்டும், அதை முதலில் பாருங்கள்.

11 ஜனவரி

வாக்களித்த வழி.

நான் செந்தூலில் இருக்கிறேன். அம்மா அப்பா பினாங்கில், ஆயர் ஈத்தாமில். அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டரில் குடும்பத்தின் எல்லாமே இருக்கிறது: அப்பாவின் ஓய்வூதியக் காகிதங்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், தாத்தா காலத்துப் படங்கள். அப்பாவுக்கு ஒரு காகிதம் தேவைப்பட்டால் எனக்குத்தான் போன் வரும். நான் இங்கிருந்து அந்தக் கம்ப்யூட்டருக்குள் போய் எடுத்து, அங்கேயே அச்சிட்டும் கொடுத்துவிடுவேன். அப்பா எழுந்து போய் பிரிண்டரிலிருந்து எடுத்துக்கொள்வார். அவருக்கு இது இன்னும் மாயாஜாலம்தான்.

ஆரம்பத்தில் வயர்கார்ட் போட்டிருந்தேன். அது லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே 2020 மார்ச்சில், 5.6 பதிப்பில் சேர்ந்துவிட்ட விபிஎன், அதாவது இரண்டு இடங்களை இணையத்தின் வழியே பூட்டிய பாதையால் இணைப்பது. மொத்தமே சுமார் 4,000 வரி நிரல். எனக்கு அதில் பிடித்தது அதன் மௌனம். சரியான சாவி இல்லாதவன் தட்டினால் பதிலே பேசாது. இல்லை போ என்று கூடச் சொல்லாது. தட்டிப் பார்க்கிறவனுக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. ஆனால் ஒரு பக்கமாவது வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரியும் திறந்த யூடிபி போர்ட்டும் வேண்டும். வழக்கமாக 51820. கெப்போங் வீட்டில் அது நடக்காது.

உங்களுக்கு டெய்ல்ஸ்கேல் என்ற மென்பொருள். உள்ளே ஓடுவது அதே வயர்கார்ட்தான். வித்தியாசம் என்னவென்றால் வீட்டுக் கம்ப்யூட்டரும் கடை லேப்டாப்பும் இரண்டுமே வெளியே போய் ஒரு பொது இடத்தில் தங்கள் இருப்பிடத்தைச் சொல்லிவைக்கின்றன. அங்கே ஒன்றையொன்று தெரிந்துகொண்டு, பிறகு நேராகப் பேசிக்கொள்கின்றன. உள்ளே வர யாருக்கும் வழி திறப்பதில்லை. நேராகப் பேச முடியாத அளவுக்கு நடுவில் தடை இருந்தால் அந்த நிறுவனத்தின் இடைநிலை சர்வர் வழியாகப் போகும். கொஞ்சம் மெதுவாக இருக்கும், ஆனால் பூட்டிய நிலையிலேயே போகும். சாவி உங்கள் கருவிகளை விட்டு வெளியே போவதில்லை.

வீட்டில் ஒன்று, கடையில் ஒன்று நிறுவி, இரண்டிலும் ஒரே கணக்கில், உங்கள் ஜிமெயிலிலேயே, நுழையுங்கள். ஒவ்வொன்றுக்கும் 100-ல் தொடங்கும் ஒரு முகவரி வரும். ரிமோட் டெஸ்க்டாப்பில் அந்த முகவரியைக் கொடுங்கள். ரூட்டரைத் தொடவே வேண்டாம்.

11 ஜனவரி, சற்று நேரம் கழித்து

ஒன்று விட்டுப்போனது. இனி உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கான வாசல் உங்கள் ஜிமெயிலில் இருக்கிறது. ஜிமெயிலுக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு போடாமல் இதைச் செய்யாதீர்கள். கடைப் பையன் பயன்படுத்தும் ஜிமெயிலில் கண்டிப்பாகச் செய்யாதீர்கள்.

12 ஜனவரி

கிள்ளானிலிருந்து ஒருவர்: "போர்ட் எண்ணை மாற்றி வைத்தால் போதுமே, 3389-க்குப் பதில் 45821 மாதிரி?"

சத்தம் குறையும், அவ்வளவுதான். பொது முகவரி இருந்த காலத்தில், தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் எஸ்எஸ்எச் சேவையை 22-ஆம் போர்ட்டில் திறந்து வைத்திருந்தேன், பாஸ்வேர்டை முடக்கிச் சாவி மட்டும் வைத்து. பதிவேட்டைத் திறந்தால் சினிமா மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். ரூட், அட்மின், டெஸ்ட், யூபுண்டு, ஒரேக்கிள், பை என்று ஒவ்வொரு பெயராக முயற்சி. யாரோ ஒருவன் 'கெஸ்ட்' என்று மரியாதையாகவும் வந்து பார்த்தான். எண்ணை மாற்றியதும் பதிவேடு அமைதியானது. ஆனால் கொஞ்ச நாளில் அங்கேயும் வந்துவிட்டார்கள். ஷோடான் என்ற தேடுபொறி 2009-லிருந்து இதைத்தான் செய்கிறது. எந்த முகவரியில் எந்தப் போர்ட்டில் என்ன சேவை பதில் சொல்கிறது என்று பட்டியல் போட்டுத் தேடக் கொடுக்கிறது. எண் மாறியிருந்தாலும் பதில் சொல்லும் விதத்தை வைத்து இது ரிமோட் டெஸ்க்டாப் என்று கண்டுபிடித்துவிடலாம்.

எண்ணை மாற்றுங்கள், தப்பில்லை. அதையே பாதுகாப்பு என்று நினைத்துத் தூங்காதீர்கள்.

15 ஜனவரி

"இவ்வளவு எதற்கு? நம்பர் சொன்னால் திரை வந்துவிடும் ஆப்கள்தான் இருக்கின்றனவே" என்று இருவர். இருக்கின்றன. நானும் பயன்படுத்துகிறேன். யாருக்காவது ஒருமுறை உதவ அதைவிட எளிது எதுவுமில்லை.

ஆனால் அந்த எளிமை எல்லாருக்கும்தான் எளிமை. போன வருடம் என் மாமாவுக்கு ஒரு போன். பேசியவன் வங்கி என்றான், அப்புறம் இணைப்பை இன்னொருவனுக்கு மாற்றினான், அவன் போலீஸ் என்றான். உங்கள் பெயரில் ஒரு கணக்கு இருக்கிறது, கள்ளப்பணம், உடனே சரிசெய்ய இந்த ஆப்பைப் போடுங்கள், திரையில் வரும் நம்பரைப் படியுங்கள். மாமா மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டு சமையலறைக்குப் போன நேரத்தில் அத்தை போனை வாங்கி, "எந்த ஸ்டேஷன் தம்பி? என் மகனும் அங்கதான் வேலை பாக்குறான்" என்று ஒரு பொய்யைப் போட்டார். வைத்துவிட்டான். அத்தைக்கு மகன் கிடையாது.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் 997 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். மலேசியாவின் தேசிய மோசடி பதில் நடவடிக்கை மையம். பணம் போய்விட்டது என்று தெரிந்த அடுத்த நொடி கூப்பிட வேண்டிய எண். கூடவே வங்கிக்கும். இந்த வகை ஆப்களை வேலை முடிந்ததும் நீக்கிவிடுவது நல்லது. எப்போதும் ஓடும்படி, நிரந்தரப் பாஸ்வேர்டோடு விட்டு வைப்பதும் 3389-ஐத் திறப்பதும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது என் கருத்து. கிள்ளான்காரர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார், தெரியும்.

19 ஜனவரி

கொஞ்சம் விலகிப் போகிறேன். இந்த ரூட்டர் என்ற சுவர் இல்லாத காலம் ஒன்று இருந்தது, இளசுகளுக்குத் தெரியாது. இணையத்துக்குப் போக 1515-க்கு டயல் செய்வோம், மோடம் கத்தும், கம்ப்யூட்டருக்கே நேராகப் பொது முகவரி கிடைக்கும். நடுவில் எதுவும் இல்லை. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற வைரஸ் வந்தபோது, எக்ஸ்பியைப் புதிதாகப் போட்டு, திருத்தத்தை இறக்கலாம் என்று இணைத்தால், இறக்கி முடிப்பதற்குள் அது வந்து உட்கார்ந்துவிடும். 60 விநாடியில் கம்ப்யூட்டர் நிற்கும் என்று திரையில் எண்ணிக்கை ஓடும். பினாங்கில் எங்கள் தெருவில் அந்த மாதம் எனக்கு இலவச நாசி கண்டாருக்குக் குறையே இல்லை.

அப்புறம் பிராட்பேண்டும் ரூட்டரும் வந்தன. முகவரிப் பஞ்சத்துக்காக வந்த ஏற்பாடு, உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரைத் தற்செயலாக மறைத்தும் கொடுத்தது. கேட்டவர் திறக்க நினைத்தது அதைத்தான்.

புதிய வகை முகவரியான ஐபிவி6 வந்தால் எல்லாம் பழையபடி வெளியே வந்துவிடுமா என்று ஒருவர் தனியாகக் கேட்டார். ஒவ்வொரு கருவிக்கும் உலகம் முழுக்கச் செல்லும் முகவரி வரும், உண்மை. மறைவு போய்விடும். ஆனால் ரூட்டரின் ஃபயர்வால், உள்ளிருந்து கேட்காமல் வெளியிலிருந்து வருவதைத் தடுத்துக்கொண்டுதான் இருக்கும், அது அணைக்கப்படாமல் இருந்தால். ரூட்டர் பக்கத்தில் ஐபிவி6 ஃபயர்வால் என்று ஒரு வரி இருக்கும், போய்ப் பாருங்கள். கேம் வேகத்துக்காக யாராவது அணைத்து வைத்திருக்கலாம். வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளை இருந்தால் கட்டாயம் பாருங்கள்.

25 ஜனவரி

கேட்டவர் இன்று போட்டுவிட்டார். டெய்ல்ஸ்கேல் இணைந்தது, ரிமோட் டெஸ்க்டாப் மட்டும் மறுக்கிறது. விண்டோஸ் ஹோம். அதுதான் காரணம். ஹோம் பதிப்பிலிருந்து வேறொன்றுக்குள் போகலாம், ஹோமுக்குள் யாரும் வர முடியாது. புரோ வேண்டும்.

புரோவுக்குப் பணம் கட்ட மனமில்லை என்றால் டைட்விஎன்சி, திரையைக் காட்டும் விஎன்சி வகை இலவச மென்பொருள். ஆனால் ஒன்று, விஎன்சியின் பழைய பாஸ்வேர்டு முறையில் முதல் 8 எழுத்துதான் கணக்கு. இருபது எழுத்து வைத்து நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அதனால் விஎன்சியை டெய்ல்ஸ்கேலுக்கு உள்ளே மட்டும் வையுங்கள். அதன் போர்ட்டான 5900-ஐ வெளியே காட்டாதீர்கள்.

கூடவே கேட்டார்: திரையைப் பார்ப்பதற்குப் பதிலாக, கணக்கு ஃபோல்டரையே பகிர்ந்து, கடை லேப்டாப்பில் அதே மென்பொருளைப் போட்டுத் திறக்கலாமா? வேண்டாம். தனி டேட்டாபேஸ் சர்வர் இல்லாமல் வெறும் ஃபைலாக வைத்து எழுதும் பழைய மென்பொருள்கள், எழுதும் நடுவில் இணைப்பு அறுந்தால் ஃபைலைக் கெடுத்துவிடும். திரை மட்டும் வந்தால், இணைப்பு அறுந்தாலும் வேலை வீட்டில் நடந்துகொண்டிருக்கும். திரும்ப நுழைந்தால் விட்ட இடத்தில் இருக்கும்.

27 ஜனவரி

"வேன் முகவரியும் 100-ல் தொடங்குகிறது, டெய்ல்ஸ்கேல் கொடுத்ததும் 100-ல் தொடங்குகிறது. இரண்டும் முட்டிக்கொள்ளாதா?" நல்ல கேள்வி.

9-ஆம் தேதி சொன்ன அதே ஒதுக்கீட்டிலிருந்துதான் டெய்ல்ஸ்கேலும் எடுத்துக்கொள்கிறது. ஃபைபர் நிறுவனம் அதை உங்கள் ரூட்டருக்கு வெளிப்பக்கம் வைத்திருக்கிறது. கம்ப்யூட்டருக்கு ரூட்டர் கொடுப்பது 192.168 வகை முகவரி. இரண்டும் ஒரே இடத்தில் சந்திப்பதில்லை, பிரச்சினை இல்லை.

12 பிப்ரவரி

தைப்பூசத்துக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். நேற்று தண்ணீர்மலை ஏறி இறங்கிய கால் இன்னும் பேசவில்லை.

காலையில் ஆயர் ஈத்தாம் பக்கத்து மாமாக் கடையில் தே தாரிக்கோடு உட்கார்ந்து, வீட்டு பிரிண்டரின் பக்கத்தைத் திறக்கப் பார்த்தேன். எதுவும் வரவில்லை. கம்ப்யூட்டர் வருகிறது, பிரிண்டர் வரவில்லை. காரணம் எளிது. வீட்டில் 192.168.0 வரிசை, மாமாக் கடை வைஃபையிலும் 192.168.0 வரிசை. பிரிண்டரில் டெய்ல்ஸ்கேல் போட முடியாது, அதன் வீட்டு முகவரியைத்தான் கூப்பிட வேண்டும். நான் கூப்பிட்டது கடையின் கல்லாப் பக்கம் போய்விட்டது. அங்கே அந்த முகவரியில் என்ன இருந்ததோ. கம்ப்யூட்டருக்கு 100-ல் தொடங்கும் தனி முகவரி இருப்பதால் அது மட்டும் தப்பித்தது.

வீட்டுக்குப் போனதும் வரிசையை 192.168.73 என்று மாற்றினேன். யாரும் தேர்ந்தெடுக்காத ஓர் எண்ணை நடுவில் போட்டுக்கொள்ளுங்கள். 0, 1, 8, 100 எல்லாம் வேண்டாம், ரூட்டர் கம்பெனிகள் எடுத்துக்கொண்டுவிட்டன. மாற்றியதில் அப்பாவின் டிவி பெட்டி கோபித்துக்கொண்டது, ஒருமுறை அணைத்துப் போட்டதும் சரியானது.

இன்னொன்று: வெளியிலிருந்து வருகிறதா என்று சோதிக்க, வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே பொது முகவரியைத் தட்டாதீர்கள். பல ரூட்டர்கள் உள்ளிருந்து வெளியே போய் மறுபடி உள்ளே திரும்புவதை விடுவதில்லை. கைப்பேசியில் வைஃபையை அணைத்து, டேட்டாவில் பாருங்கள்.

23 பிப்ரவரி

சிசிடிவி பற்றி நாலு பேர் கேட்டாயிற்று.

கேமரா மாட்ட வருகிறவர் வேலை முடிந்த கையோடு உங்கள் போனில் படம் வரவைத்துக் காட்டுவார். எப்படி வரவைத்தார் என்று கேளுங்கள். சிலர் ரூட்டரில் போர்ட் திறந்துவிட்டுப் போவார்கள். சில பெட்டிகள் யூபிஎன்பி மூலம் தாங்களே ரூட்டரிடம் கேட்டுத் திறந்துகொள்ளும். வீட்டுக்காரருக்கு இரண்டுமே தெரியாது. பாஸ்வேர்டு பெட்டியோடு வந்ததே இருக்கும்.

2016-ல் மிராய் என்ற நிரல் இதை வைத்துத்தான் படை கட்டியது. பெட்டியோடு வரும் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகள் 60 சொச்சம், அவ்வளவுதான் அதன் ஆயுதம். கேமராக்களும் ரெக்கார்டர்களும் ரூட்டர்களும் லட்சக்கணக்கில் விழுந்தன. அந்த அக்டோபர் 21-ஆம் தேதி தளங்களின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டைன் என்ற நிறுவனத்தின் மேல் ஏவியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்பட பல தளங்கள் அமெரிக்காவில் மணிக்கணக்கில் திறக்கவில்லை. அதில் பங்கெடுத்த கேமராவின் சொந்தக்காரர்கள் தங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்திருப்பார்கள்.

ரூட்டரில் யூபிஎன்பியை அணையுங்கள். போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலைத் திறந்து, உங்களுக்குத் தெரியாத வரி இருந்தால் நீக்குங்கள். கேமராவின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். கேமராவைப் பார்ப்பதும் டெய்ல்ஸ்கேல் வழியாகவே இருக்கட்டும்.

6 ஏப்ரல்

இவ்வளவும் எழுதிய பிறகு உண்மையான பிரச்சினைக்கு வருகிறேன். ஹேக்கர் இல்லை. அம்மா.

இந்த மாதம் மதியமானால் இடி. இடி சத்தம் கேட்டதும் அம்மா வீடு முழுக்க ஒரு சுற்று சுற்றுவார். டிவி, ரூட்டர், கம்ப்யூட்டர், எல்லா ப்ளக்கையும் பிடுங்கிவிடுவார். நேற்று அப்பாவுக்கு அவசரமாக ஒரு காகிதம் வேண்டும், நான் இங்கிருந்து தட்டுகிறேன், அங்கே சவம் மாதிரி கிடக்கிறது. போன் போட்டால், "இடி இடிக்குதுடா. போன தடவை டிவி போச்சே, ஞாபகம் இல்லையா? உன் டப்பாவும் போகணுமா?" அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மின்னல் இறங்கினால் சர்ஜ் ப்ரொடெக்டரை நம்பி உட்கார நானும் தயாரில்லை.

மாட்டிய பிறகும் கம்ப்யூட்டர் தானாக எழாது. பட்டனை அழுத்த வேண்டும், அது மேசைக்கு அடியில், அம்மாவுக்கு முழங்கால் வலி. இதற்கு மூன்று விஷயம் செய்தேன்.

கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் பயாஸில், மின்சாரம் திரும்பியதும் எழு என்று ஓர் அமைப்பு இருக்கும். பெயர் ஒவ்வொரு போர்டிலும் ஒவ்வொரு மாதிரி. அதைப் போட்டால் ப்ளக்கை மாட்டினாலே போதும்.

ரூட்டர் பக்கத்தில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்றை வைத்தேன். டெய்ல்ஸ்கேல் இப்போது அதில். பிரிண்டருக்கும் அதுவே வழி. 5 வாட் என்று வைத்தால் மாதம் முழுக்க ஓடினாலும் 3.6 யூனிட்தான். பழைய கம்ப்யூட்டர் சும்மா ஓடினாலே 60 வாட், அதாவது மாதம் 43 யூனிட். கரண்ட் பில்லைப் பார்க்கிற அப்பாவுக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

கம்ப்யூட்டரைத் தூங்கவிட்டு, தேவைப்படும்போது அந்தப் பை வழியாக எழுப்புகிறேன். வேக் ஆன் லான். எழுப்பும் பொட்டலம் 102 பைட்தான். முதலில் எல்லா பிட்டும் 1 ஆக இருக்கும் 6 பைட், அப்புறம் அந்தக் கம்ப்யூட்டரின் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) 16 தடவை. சாதாரணமாக இது ரூட்டரைத் தாண்டி வெளியிலிருந்து வராது, அதனால்தான் உள்ளே ஏற்கெனவே விழித்திருக்கும் ஒன்று தேவைப்படுகிறது. கம்ப்யூட்டர் கேபிளில் இணைந்திருக்கட்டும், வைஃபையில் நம்ப முடியாது. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் சில கம்ப்யூட்டர்களில் இதைக் கெடுக்கும், அணைத்துப் பாருங்கள்.

அம்மாவுக்கு இப்போது ஒரே கேள்வி. "அந்தச் சின்னது ராத்திரியெல்லாம் மினுக்குதே, அது எதுக்குடா?" பிளாஸ்திரி ஒட்டி விளக்கை மறைத்தாயிற்று.

20 ஏப்ரல்

ஆபீஸ் கம்ப்யூட்டரில் யாருக்கும் சொல்லாமல் இதே மாதிரி போட்டு வீட்டிலிருந்து வேலை பார்க்கலாமா என்று ஒரு தம்பி. போடாதே. ஐடி பிரிவில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு போடு. மலேசியாவின் கணினிக் குற்றச் சட்டம் 1997, பிரிவு 3-ன்படி அனுமதியில்லாமல் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தால் 50,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 5 வருடம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். உன் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டர் உன்னுடையது இல்லை. சட்டம் அந்த அளவுக்குப் போகாவிட்டாலும் வேலை போகும்.

24 ஜூலை

கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். காலையிலிருந்து கடையில் வீட்டுக் கம்ப்யூட்டர் தெரியவில்லை. மின்சாரம் இருக்கிறது, இணையம் இருக்கிறது, வீட்டில் மனைவி அதே கம்ப்யூட்டரில் யூடியூப் பார்க்கிறார்.

ஜனவரி 25-லிருந்து எண்ணுங்கள், இன்றோடு 180 நாள். டெய்ல்ஸ்கேலில் ஒவ்வொரு கருவியின் சாவிக்கும் அதுதான் வழக்கமான ஆயுள். முடிந்ததும் திரும்ப உள்நுழையச் சொல்லும், ஆனால் அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம்தான் சொல்லும். நிர்வாகப் பக்கத்தில் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மட்டும் சாவிக் காலாவதியை அணைத்துவிடுங்கள். லேப்டாப்புக்கும் போனுக்கும் அணைக்க வேண்டாம். அவை தொலையக்கூடியவை, 180 நாளுக்கு ஒருமுறை கேட்கட்டும்.

24 ஜூலை, இரவு

சரியாகிவிட்டதாம். அந்தப் பட்டியலைத் திறந்தபோது, மே மாதம் வேலையை விட்டுப்போன பையனின் போனும் அதில் இருந்ததாம், பச்சை விளக்கோடு. பில் படம் எடுத்து அனுப்ப வசதியாக இருக்கட்டும் என்று அவரேதான் சேர்த்திருக்கிறார். பையன் நல்ல பையன், ஒன்றும் செய்ய மாட்டான் என்கிறார். இருக்கலாம். நீக்கிவிட்டு, விண்டோஸ் பாஸ்வேர்டையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். இனி கடையில் யாருக்காவது தேவைப்பட்டால் போனில் போடாமல் கடை லேப்டாப்பில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் கடையை விட்டுப் போகாது.